நாற்பது ஜிபி வயிற்றெரிச்சல்

கார்ல்ஸ்ரூஹே என்ற இந்த ஜெர்மன் நகரில் என்னிடம் இருக்கும் அதே பழைய மடிக்கணினி இன்னொரு தமிழனிடமும் இருக்கிறது என்று தெரிந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஈழத்தமிழன்; அவன் மதுரைப் பக்கம், ஐடி வேலைக்கு வந்தவன். என்னை அண்ணா என்பான். நல்ல பிள்ளை, அதுதான் இன்னும் கஷ்டம்.

அந்தக் கணினிக்கு இப்போதைய ஹார்ட் டிஸ்க் எதுவும் பொருந்தாது. ஊசி ஊசியாய் இரண்டு வரிசை நீட்டிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்க்தான் வேண்டும். அதுவும் மெல்லியதாய் இருக்க வேண்டும், தடித்தது உள்ளே போகாது. என்னுடையது ஆறு ஜிபி. விண்டோசும் நாலு பாட்டும் போட்டால் நிரம்பிவிடும். பெரியது தேடிச் சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைக்கு அலைந்தேன். நன்றாக ஓடுகிறது என்று சத்தியம் பண்ணாத குறையாக விற்பார்கள். வீட்டில் கொண்டுவந்து கணினிக்குள் பூட்டினால் பல்லி மாதிரி டிக் டிக் என்றுவிட்டுச் செத்துவிடும்.

ஒரு நாள் அவன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நாற்பது ஜிபி! நான் போகாமல் விட்ட ஒரேயொரு சனிக்கிழமை, அதே சந்தையில் எடுத்தானாம். சத்தமே இல்லாமல் சுழன்றது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"உங்களுக்கும் பெருசா ஒண்ணு தேடவாண்ணா?" என்று கேட்டான்.

இவன் தேடித் தந்து நான் பூட்டுவதா? "எனக்கு என்ரை டிஸ்க் காணும்" என்றேன்.

"அச்சச்சோ!" என்றான். முகம் வாடிவிட்டது. என் ஆறு ஜிபியைப் பார்த்து இவன் இரங்குகிறான் என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். இன்னொரு நாற்பது ஜிபி. எனக்காக அலைந்து பிடித்தானாம். பொறாமையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, கை தானாக நீண்டுவிட்டது.

"டிஸ்க் காணும்னு சொன்னீங்களே அண்ணா. எங்க தொலைச்சீங்களோன்னு மனசு கேக்கல" என்றான்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ தம்பி, அது துலையேல்லை. உள்ளுக்கைதான் கிடக்கு. எங்கட தமிழிலை காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம்!"

"அப்பாடா, தொலையலையா! உங்களுக்கு அதே போதும்னா சரிண்ணா. என் ரூம்மேட்டும் இதே மாடல்தான் வெச்சிருக்கான், டிஸ்க் கேட்டு உயிரை வாங்குறான்" என்று அதைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

போதாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீட்டிய கையால் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டேன். அந்த ரூம்மேட்டை நான் கண்ணால் கண்டதில்லை. அவன்மேலும் பொறாமை வந்துவிட்டது.

டிராம் நிறுத்தம்வரை கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். டிராம் வளைவில் திரும்பும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து அவன் சிரித்துக்கொண்டே கை காட்டினான்.