கோட்டில் நிறுத்தச் சொல்லிக் கேட்ட துஆ

என்ட கடைசி மகன் இர்பான் மாரி மழைக்குள்ள, ஒரு பின்னேரம், முழங்காலில கட்டோட வீட்டுக்கு வந்தான். கூட்டாளிமார் ரெண்டு பேர் ஓட்டோவில இருந்து கைத்தாங்கலா இறக்கினாங்க. ஆறடிக்கு மேல உசரமான பிள்ளை. எங்கட வாசல்ல எப்பவும் குனிஞ்சுதான் வருவான். அண்டைக்கு அவன் குனியத் தேவைப்படல்ல. அவ்வளவுக்குக் கூனிப் போய் வந்தான்.

சகோதரிகளே, நான் கூடப் படிச்சவ இல்லை. எழுத்துக்கூட்டித்தான் எழுதுறன். "இதை நீங்கதான் எழுதணும் உம்மா" என்று எங்களுக்குக் குர்ஆன் படிப்பிக்கிற மௌலவியா சொல்லிப்போட்டா. அதனால நடந்ததை நடந்தபடி சொல்றன்.

இர்பான் வெளியூர்ல, வாத்திமாருக்குப் படிக்கிற கல்லூரியில இருந்தான். அங்க கூடைப்பந்து டீமுக்கு அவன்தான் கப்டன். முதல் வருஷம் ஒருநாள் போன் எடுத்து, "உம்மா, நான் கோட்டுல நிக்கன், மறுகா எடுக்கன்" என்றான். எங்கட குடும்பத்தில கோடு கச்சேரி ஏறின ஆக்கள் இல்லை.

"என்ன குற்றம் செஞ்சாய் மனே?" என்று அழுதே போட்டன்.

அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ள இரிக்கி. வழக்குப் பேசுற இடத்துக்கு மட்டுமில்லையாம், அவங்க பந்து விளையாடுற தளத்துக்கும் இங்கிலீசில கோடு என்றுதான் பேராம். அதுக்குப் புறகு அது எனக்கும் அவனுக்கும் உள்ள சொல்லாப் போச்சு. "கோட்டுல நிக்கியா மனே?" "ஓம் உம்மா." ஊருக்கு மட்டும் கப்டன் என்று சொல்வன். சும்மா சொல்ல மாட்டன், நல்லாச் சத்தமாச் சொல்வன்.

கடைசி வருஷப் போட்டியில துள்ளி விழுந்ததில முழங்காலுக்குள்ள நார் அறுந்துட்டுது. ஒப்பரேசன் முடிஞ்சு டொக்டர், "நடக்கலாம். இனித் துள்ளி விளையாட ஏலாது" என்றார். அந்தச் சொல்லோடதான் பிள்ளை வீட்டுக்கு வந்தான்.

சுவரைப் பார்த்துப் படுத்தான். பந்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, உடுக்கிற சாரனால மூடி வைச்சான். படிப்பிக்கப் போற நியமனக் கடிதம் வந்தாலும் கிழிச்சுப் போடுவன் என்றான். சோறு கொண்டு போனா ரெண்டு வாய். ஒருநாள் தலையைத் தடவினன். "உம்மா, நீங்க பெத்த இர்பான் அங்கேயே விழுந்து கிடக்கான். இது ஆரோ ஒருத்தன்" என்றான். நாப்பத்தி மூணு வயசில பெத்த பிள்ளை. அந்தக் கதையைக் கேட்டு நான் எப்படித் தாங்கினன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நான் செஞ்ச பிழையையும் சொல்லத்தான் வேணும். ஒருத்தருக்கும் சொல்லல்ல. கேட்டா, "லீவுல வந்திரிக்கான்" என்றன். ஜன்னலையும் சாத்திப்போட்டன். கப்டன்ட உம்மா என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிஞ்சவ, இனி எப்படி இன்னொருத்தியிட்ட, என்ட பிள்ளைக்காக இறைஞ்சுங்க என்று துஆக் கேட்கிறது? ஐந்து வேளையும் தொழுது தனியா அழுதன். வாய் மட்டும் வெளியில திறக்கல்ல.

நோன்பு வந்தது. அசர் தொழுகைக்குப் புறகு பொம்பிளைகளுக்கு நடக்கிற குர்ஆன் வகுப்பில, கடைசியா எல்லாரும் கையேந்தி இருந்தம். "மனசில உள்ளதைச் சத்தமாக் கேளுங்க, எல்லாரும் ஆமீன் சொல்லுவம்" என்றா மௌலவியா. ஒவ்வொருத்தரும் கேட்டாங்க. என்ட முறை வந்தது. எங்கட வீட்டுச் சொல்தான் வாயில வந்தது.

"யா றப்பே, என்ட மகனை மறுபடியும் கோட்டுல நிறுத்து!"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. மறுகா ஆமீன் என்றாங்க, கொஞ்சம் பயந்த மாதிரி. அது ஏனென்று எனக்கு அப்ப விளங்கல்ல.

மூணாம் நாள் நற்பிட்டிமுனையில இருந்து ஹாஜரா வந்தா. அவட மகளை இர்பானுக்குக் கலியாணம் பேசி, பேச்சுக்கால் பாதி முடிஞ்சிருந்தது. வந்தவ கதிரை நுனியில குந்தினா. குடையைக் கையில இருந்து விடல்ல.

"ராத்தா, மனசில வைக்கப்பிடாது. உங்கட மகன்ட பேர்ல வழக்காமே?"

"என்ன வழக்கு?"

"வகுப்பில நீங்களே கேட்டீங்களாமே, கோட்டுல நிப்பாட்டச் சொல்லி. எந்த உம்மா தன்ட பிள்ளையைக் கோட்டுல நிப்பாட்டச் சொல்லி றப்பிட்டக் கேட்பா? அதுவும் மறுபடியுமாம்! அப்ப இது ரெண்டாம் தரமா ராத்தா?"

நான் வாயைப் பொத்தினன். அழுறதா சிரிக்கிறதா என்று தெரியல்ல. அந்த நேரம் உள் அறையில ஒரு சத்தம் கேட்டது. திரைச்சீலைக்குப் பின்னால என்ட மகன் சிரிக்கான்! மூணு மாசமாச் சிரிக்காத பிள்ளை, மூச்சு முட்டச் சிரிக்கான். பொல்லை ஊன்றிக்கொண்டு தானே வெளியில வந்தான்.

"மாமி, நான் களவெடுக்கல்ல" என்றான். "பந்துதான் எடுத்தன்."

மறைக்க இனி ஒண்டும் இல்லை. முழங்கால், ஒப்பரேசன், எல்லாத்தையும் ஹாஜராவிட்டச் சொன்னன். அவ குடையைக் கீழே வைச்சா. "இதையா மறைச்சீங்க ராத்தா? நான் என்னவோ ஏதோ என்று பயந்து, வழி நெடுக ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தன்" என்று கண்ணைத் துடைச்சா.

பெருநாள் முடிஞ்ச கிழமை அவட தம்பி வந்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில விளையாட்டு மாஸ்டர். தன்ட ராத்தா ஹாஜரா கோட்டுக் கதையைச் சொல்லிச் சிரிச்சாவாம், அதைக் கேட்டுத்தான் வந்தாராம்.

"எனக்கு உதைபந்துதான் தெரியும் தம்பி. கூடைப்பந்து டீமை நான் பழக்கல்ல, மேய்க்கிறன். நீ வந்து எனக்கு உதவிக் கோச்சா நில்லு" என்றார்.

"என்னால ஓட ஏலாது சேர்."

"ஓடுறதுக்கு அங்க பன்ரண்டு பேர் இரிக்காங்க. உன்னை ஆர் ஓடச் சொன்ன? நிக்க ஏலும்தானே?"

கதவுக்குப் பின்னால நின்ட எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிறுத்து என்றுதானே நான் கேட்டன்!

மகன் உள் அறைக்குப் போனான். கட்டிலுக்குக் கீழே கிடந்த பந்தைப் பொல்லால இழுத்தெடுத்தான். சாரனால தூசியைத் துடைச்சான்.

போன மாசம் அந்தப் பள்ளிக்கூடத்தில போட்டி. ஹாஜராவும் நானும் போனம். அவ இப்ப எனக்குச் சம்பந்தி. எங்கட வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடதான், மகன் நற்பிட்டிமுனையில இரிக்கான். நியமனமும் வந்து, காலையில படிப்பிக்கான், பின்னேரம் பழக்குறான். தளத்தைச் சுற்றி வெள்ளையாக் கோடு போட்டிருந்தது. கோச்மார் அதைத் தாண்டி உள்ளுக்குப் போகக் கூடாதாம். மகன் அந்தக் கோட்டு ஓரத்தில, நெஞ்சை நிமிர்த்தி நின்டான். விளையாடின பிள்ளைகள் ஒருத்தனும் கூடை வளையத்தைப் பார்க்கல்ல, எல்லாரும் பந்தை எறிஞ்சிட்டு இவன்ட முகத்தைத்தான் பார்த்தாங்க.

பக்கத்தில இருந்த ஒரு பொம்பிள, "உங்கட மகன் எது?" என்று கேட்டா.

"அந்தா, கோட்டுல நிக்கான்" என்றன். சொன்ன புறகுதான் எனக்கே விளங்கினது. கண் கலங்கிப் போச்சு. கோட்டுக்கு உள்ளுக்கு நிறுத்து என்று நான் கேட்கல்ல. கோட்டுல நிறுத்து என்றன். நான் நினைச்சது ஒண்டு, என்ட வாயில வந்தது ஒண்டு. வாயில வந்ததிலதான் நலவு இரிக்கி என்று றப்பு எடுத்துக்கொண்டான். அல்ஹம்துலில்லாஹ்.

இப்ப நான் ஜன்னலைச் சாத்துறதில்லை. தேவை வந்தா, உதவி வேணும் என்று சொல்ல எனக்கு வெட்கமுமில்லை. சகோதரிகளே, நீங்களும் கவலையைப் பெருமையால மூடி வைக்காதீங்க. நாலு பேருக்கு நடுவில கையேந்திக் கேளுங்க. சொல் தடுமாறினாலும் கேளுங்க, றப்புக்கு விளங்கும்.

பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கு விளங்காட்டியும் பரவாயில்லை. அவங்க பிழையா விளங்கினதாலதான் நான் கேட்டது எனக்குக் கிடைச்சது.