லட்சுமிக்கு வைத்த பொட்டு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் படங்களுக்கு பிரேம் போடும் கடைக்காரர் அவர். காதில் பென்சிலும் கையெல்லாம் மரத்தூளுமாக இருப்பார். எந்தச் சாமி படமும் பொட்டில்லாமல் அவர் கடையைவிட்டுப் போகாது. அது தெரியாமல், மூன்று வருடம் அலைந்து வாங்கிய பழைய லித்தோ கல்லச்சு லட்சுமி படத்தை அவரிடம் கொடுத்துத் தொலைத்தேன். வாங்கப் போனபோது, லட்சுமியின் நெற்றியில் பட்டாணி அளவு குங்குமம். அதுவும் கண்ணாடிக்கு உள்ளே, படத்தின் மேலேயே!

“என்னண்ணே இது? நான் சாமி கும்பிடுற ஆளே இல்ல. பழைய படம்னுதான் சேர்க்கிறேன்!” என்று கத்தினேன்.

“கண்ணாடி மேல வெச்சா தொடைக்கிறப்ப போயிடும் லா, தம்பி,” என்றவர், நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றிப் பஞ்சை நீட்டினார். “கும்பிடாத ஆளுதானே? நீங்களே அழிச்சிக்குங்க.”

வெடுக்கென்று வாங்கினேன். லட்சுமியின் நெற்றிவரை போன கை அங்கேயே நின்றுவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணாடிய மாட்டித் தொலைங்கண்ணே,” என்றேன்.