எசெக்ஸுக்குப் போகிறவர்கள்

தவநாயகிக்கு அடுத்தவர் வீட்டுச் சங்கதி தெரியாவிட்டால் சோறு இறங்காது. இதை நான் புறணியாகச் சொல்லவில்லை. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் அவள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தவள் நான். எல்லாம் கண்ணால் கண்டதுதான்.

அவளும் கணவர் யோகராஜாவும் எண்பத்தாறில் அந்தத் தெருவுக்கு வந்தபோது மற்ற வீடுகளிலெல்லாம் வெள்ளைக்காரர்தான். பிறகு ஒவ்வொரு வீடாகக் கை மாறியது. மூலை வீட்டுக்கு ஒரு நைஜீரியாக் குடும்பம் வந்தது, எதிர்வீட்டுக்கு வங்காளிகள், பிறகு நம் ஈழத்தவர்கள். போனவர்கள் எல்லாரும் லண்டனுக்கு வெளியே எசெக்ஸ் பக்கம்தான் போனார்கள். சாமான் ஏற்றும் லொறி வந்தால் போதும், தவநாயகி வாசலில் நிற்பாள். ஏன் போகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்பாள். பெரிய தோட்டம் வேண்டும் என்றார்கள், மகள் அங்கே இருக்கிறாள் என்றார்கள். பதில் சொல்லும்போது ஒருவராவது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் பக்கத்து வீட்டு ஐலீனின் வாசலிலும் விற்பனைப் பலகை முளைத்தது. ஐலீன் கணவரை இழந்து தனியே இருந்தவள். யோகராஜா பேக்கரி ஷிப்டில் இருந்தபோது, தவநாயகியைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

"போற சனம் போகட்டும். உமக்கு ஏன் இந்தக் குடைச்சல்?" என்றார் யோகராஜா.

"அவவும் எங்களைப் பிடிக்காமல்தான் போறாவோ எண்டு எனக்குத் தெரியவேணும். தெரியாமல் இருக்க ஏலாது."

ஒரு தட்டு வடையோடு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "எங்களாலா போகிறாய்?"

ஐலீன் திகைத்துப்போனாள். "நீதானே போகப்போகிறாய்! ஏழு வருடமாகச் சுவர் வழியே கேட்கிறேன். போனை எடுத்தால், வீட்டுக்கு, வீட்டுக்கு என்று ஒரே புலம்பல். பழைய ஆட்களும் போய்விட்டார்கள். நீயும் போனால் இங்கே எனக்கு யார்? அதுதான் தங்கச்சி வீட்டோடு போகிறேன்."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐலீன் கையைக் காதில் வைத்துப் பேசிக் காட்டினாள்: "ஓம்... ஓம்... ஓமோம்..."

தெற்கு லண்டன் டூட்டிங்கில் இருக்கும் அக்கா வசந்தமலரோடு தவநாயகி பேசுவது அச்சொட்டாக அப்படித்தான். கிழக்கு லண்டன்காரர் வீட்டைக் குறிக்கும் 'ஹோம்' என்ற சொல்லில் 'ஹ'வை விழுங்கிவிடுவார்கள். மிஞ்சுவது 'ஓம்'. அக்கா சொன்னதற்கெல்லாம் இவள் ஆமோதித்தது, பாவம், ஐலீனின் காதில் ஊர் ஏக்கமாக விழுந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தவநாயகியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். 'ஓம்' என்றால் எங்கள் பாஷையில் 'யெஸ்' என்று விளக்கினாள். பிறகு ஐலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்கேயும் போகவில்லை. நீயும் போகாதே. இங்கேயே இரு."

ஐலீன் சிரிக்கவில்லை. "ஏன் போகிறாய் என்று இந்தத் தெருவில் எல்லாரையும் கேட்டாய். இரு என்று ஒருவரிடமும் நீ சொன்னதில்லை. இப்போது சொல்கிறாய். போன வெள்ளிக்கிழமை நான் கையெழுத்து வைத்துவிட்டேன்."

தவநாயகி பிடித்த கையை விடவில்லை. அவளைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, வீட்டை வாங்கியவர்கள் உங்கள் ஆட்கள்தான், பெயர்தான் என் வாயில் நுழையவில்லை என்றாள் ஐலீன்.

யார், எந்த ஊர் என்று தவநாயகி கேட்கவில்லை.