பீட்சா கடையில் பெண் பார்த்தது

பதுளை டவுனில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தப் பீட்சா கடையை நான் மன்னிப்பதாக இல்லை. என் தையல் கடைக்கு அந்த வழியாகத்தான் தினமும் போகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் யாராவது வாயைப் பிளந்து கடிப்பது தெரிந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களைப் போனில் நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்கிறார்களாம். நட்சத்திரம் என்ன நட்சத்திரம், அந்த வாசலில் ஒரு பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று நான் சொல்வேன். பிளவுஸ் தைக்க வருகிற பெண்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை.

அன்றைக்கு நாங்கள் அங்கே பீட்சாவுக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. என் அக்கா மகளை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டத்தான் போனோம். அக்கா அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. இப்போது அப்புத்தளை டவுனில் ஒரு பார்மசியில் வேலைக்கு நிற்கிறாள். இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தக்காரர்களும் தோட்டத்து வரிசை வீடான லயத்தைப் பார்த்தார்கள், கூரைத் தகரத்தைப் பார்த்தார்கள், சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். இந்த மாப்பிள்ளைக்குப் பதுளையில் சொந்தமாகப் போன் கடை, சொந்த வீடு. அம்மாவும் பிள்ளையும் மட்டும். இதை எப்பாடு பட்டாவது முடித்துவிட வேண்டும், பிள்ளை லயத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே நினைப்பு.

மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லை. தோட்டத்து ரோட்டில் கார் ஏறாது, டவுனிலேயே ஒரு நல்ல கடையாகப் பார்த்துச் சந்திப்போம் என்றார். மரக்கறி லொறி ஏறுகிற ரோடு அது. எலெக்ஷன் வந்தால் எத்தனை பெரிய ஜீப்பும் ஏறும். இந்த அம்மாவின் கார் மட்டும் ஏறாதாம். அக்கா அதற்கும் தலையாட்டினாள். லயத்தைப் பார்க்காமலே பேசி முடிக்கலாம் என்று உள்ளூர அவளுக்கு நிம்மதிதான்.

அவளுக்கு இருந்த கவலை வேறு. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பிடித்திருந்தால் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதைச் சொல்வோம். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாய் தேத்தண்ணியோடு எழுந்துவிடுவார்கள். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் விளங்கிவிடும். கடையில் சந்தித்தால் இதை எப்படித் தெரிந்துகொள்வது? பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பீசா சாப்பிட்டா, அது கை நனைச்ச கணக்குத்தானேடி?"

"சாப்பிட்டா சாப்பிட்டதுதான்க்கா. பீசாவா இருந்தா என்ன, பிட்டா இருந்தா என்ன" என்றேன்.

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெயிட்டர், முடிக்குச் சாயம் அடித்தவன், எங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தான். அக்கா தன்னிடம் இருப்பதிலேயே நல்ல சேலையைத்தான் கட்டியிருந்தாள். ஆனால் வெயிலில் கறுத்த முகத்தையும் நடையையும் பார்த்தே எங்கிருந்து வருகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலோரம் பெரிய மேசை காலியாகக் கிடந்தது. நான் அதை நோக்கிப் போனேன்.

"அது புக் பண்ணினது" என்றான். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையைக் காட்டி, அக்காவிடம், "இங்க இரு" என்றான்.

அவனும் தமிழன்தான். இரு என்பதற்கும் இருங்க என்பதற்கும் உள்ள தூரம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அக்கா அவனுக்குப் பத்து வயதாவது மூத்தவள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா என் தொடையில் கிள்ளி, "இன்னிக்கு மட்டும் சும்மா இரு" என்றாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஈரத் துடைப்பம் ஒன்று சாய்ந்து நின்றது. அதன் நாற்றத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு தண்ணீர்க் கிளாஸ்கூட யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

நன்றாகத் தாமதித்து மாப்பிள்ளையும் அம்மாவும் வந்தார்கள். அம்மாவின் கழுத்தையும் கையையும் பார்த்ததும் அதே வெயிட்டர், "வாங்கம்மா, வாங்க தம்பி" என்று ஓடினான். ஜன்னலோர மேசையின் நாற்காலியை இழுத்துப் போட்டான். புக் பண்ணியவர்கள் அந்த நிமிடமே செத்துப்போய்விட்டார்கள் போலிருக்கிறது. நாங்களும் எழுந்து அங்கே போனோம்.

மெனுவில் தமிழ் இல்லை. மாப்பிள்ளைதான் வாசித்துச் சொன்னான். வெள்ளிக்கிழமை என்பதால் அக்கா மாமிசம் தொட மாட்டாள். எனவே கோழி போட்டது ஒன்று, மரக்கறி மட்டும் போட்டது ஒன்று. நான் வெயிட்டரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

"தெரியும், தெரியும்" என்றான். எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

முதலில் தேத்தண்ணி வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தேயிலை விளைகிற ஊரில், ஒரு கோப்பை வெந்நீரும் நூல் கட்டிய பையும். வெந்நீரும் வெந்நீர் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பிள்ளையிடம் படிப்பு, வேலை, சமையல் எல்லாம் விசாரித்தார். பிள்ளை மரியாதையாகப் பதில் சொன்னாள். மாப்பிள்ளையும் பார்க்க மோசமில்லை, பேச்சும் தன்மையாகத்தான் இருந்தது. நான்கூட மனதுக்குள் கொஞ்சம் இறங்கி வந்தேன்.

அப்போதுதான் அந்த வெயிட்டர் ஒரு சோடிப் பொலித்தீன் கையுறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஐந்து பேர் இருந்த மேசையில் ஒரே ஒரு சோடி. அதையும் அக்காவின் முன்னால் வைத்தான்.

"இதப் போட்டுக்க" என்றான்.

அக்காவின் விரல்களைச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களின் விரலில் தேயிலைப் பால் ஏறி, வெடிப்புகளுக்குள் கறுப்பாக உறைந்துவிடும். எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. முதல் நாள் ராத்திரி எலுமிச்சங்காயைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிகிற மட்டும் கழுவியிருந்தாள். அது அழுக்கில்லை. எதிலும் ஒட்டாது, எதையும் கறையாக்காது. அந்தக் கறை ஏறின கையால்தான் அவள் இருபது வருஷமாகப் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறாள்.

"மத்தவங்களுக்கு எங்க?" என்று நான் கேட்டேன்.

"கேட்டாக் குடுப்போம்."

"இவங்க கேட்டாங்களா?"

மறுபடியும் தொடையில் கிள்ளு. மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "போட்டுக்கங்க, நல்லதுதானே. எங்க வீட்லயும் சுத்தம்னா சுத்தம்தான்." அக்காவுக்கு அதை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை எட்டி வாங்கி, கையுறையின் வாயில் ஊதி விரித்து, "இப்பிடி விடுங்க" என்று காட்டிக் கொடுத்தான். நல்ல மனதோடுதான் செய்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்கா இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பீட்சா வந்தது. அடி கருகி, நடுவில் மாவு வேகாமல், சீஸ் ஆறி ரப்பர் வார் மாதிரி இழுத்தது. சீனி கரைத்த தக்காளிச் சாறு மேலே. அதையாவது விடுங்கள். மரக்கறி என்று வைத்ததைத் திறந்தால் வெங்காயத்துக்கு அடியில் கோழிச் சொசேஜ் துண்டுகள். வெயிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எடுத்துப் போட்டுட்டுத் தின்னச் சொல்லுங்க" என்றான்.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்ல. வேற கொண்டு வா" என்றேன். அவனுக்கு நானும் மரியாதையை நிறுத்திவிட்டேன்.

கொண்டுவருகிறேன் என்று போனவன் கடைசிவரை கொண்டுவரவில்லை. அக்காவுக்கு வரட்டும் என்று நானும் பிள்ளையும் எங்கள் தட்டைத் தொடாமல் இருந்தோம். மாப்பிள்ளையும் அம்மாவும் ஆறிவிடும் என்று சாப்பிடத் தொடங்கினார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். ஒவ்வொரு துண்டும் உள்ளே போகப் போக அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பசியில்லை, அவமானமில்லை. அவர்கள் கை நனைத்துவிட்டார்கள். அது போதும் அவளுக்கு.

மாப்பிள்ளையின் அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்குப் பிள்ளையப் புடிச்சிருக்கு. அடுத்த மாசமே நாள் பாத்துருவோம்" என்றார். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. கும்பிடுவதற்கு இரண்டு கையையும் தூக்கினாள். கையுறை இன்னும் கையில்தான் இருந்தது.

பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினாள். ஒரு விரல் ஒரு விரலாக அந்தக் கையுறையை உருவினாள். இரண்டையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அன்ட்டி, நீங்க கை நனைச்சிட்டீங்க. நாங்க இன்னும் நனைக்கலைங்க. நாங்க போயிட்டு வாறோம்."

குரலை உயர்த்தவில்லை. எழுந்து அம்மாவையும் எழுப்பினாள். மாப்பிள்ளை என்ன தப்பு நடந்தது என்று தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பெண் வீட்டார் இப்படி எழுந்து போனதாக இந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கதவடியில் வெயிட்டர், பழக்கிவைத்த வார்த்தையாக, "திரும்ப வாங்க" என்றான். அதுவரை அடக்கிவைத்த நாக்கை நான் அங்கே அவிழ்த்துவிட்டேன். சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கீழே துணிக்கடைக்காரர்கள் வெளியே வந்து மேலே பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பஸ் ஸ்டேண்டில் அக்கா அழுதாள். மகளைத் திட்டினாள்.

"முடிஞ்ச சம்பந்தத்தக் கெடுத்துட்டியேடி. ஒரு கிளவுஸ் போட்டா என்ன கொறைஞ்சு போச்சு? காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கிறப்பக் கேக்காத பேச்சா? எனக்கு அதெல்லாம் ஒரைக்கல. நீ நல்ல வீட்டுல வாழ்ந்தாப் போதும்னு இருந்தேன்."

பிள்ளை அம்மாவின் சேலைத் தலைப்பை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

"அந்த வீட்டுக்கு நான் போனா, நீ என்னையப் பாக்க வர்றப்பெல்லாம் அதத்தாம்மா எடுத்து வைப்பாங்க. கொஞ்ச நாள் போனா, நானே எடுத்து வைப்பேன்."

அக்கா அழுகையை நிறுத்தினாள். மகளை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புத்தளை பஸ் வந்து நின்றதும், "ஏறு, சீட்டுப் போயிரும்" என்று மகளை முன்னால் தள்ளிக்கொண்டு ஏறினாள்.