எஞ்சினைச் சுற்றிய தகரம்

நான் ஓட்டியது வாடகை ஆட்டோ. எஞ்சின் பின்னால், பயணிகளின் முதுகுக்குப் பின்புறம் அடைபட்டுக் கிடக்கும். எதிர்க்காற்று அதன் மேல் படாது. அதைக் குளிர வைக்க உள்ளேயே ஒரு விசிறி சுற்றும்.

அந்தச் சித்திரையில் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இரண்டு முறை எஞ்சின் சூடேறி ஜாம் ஆகிவிட்டது. "மூணாவது வாட்டி ஆச்சுன்னா வண்டிய விட்டுட்டுப் போயிடு" என்றார் ஓனர். எனக்கு வேறு தொழில் தெரியாது.

விசிறியையும், எஞ்சினில் சூடேறும் சிலிண்டரையும் சேர்த்து மூடும் தகரம் ஒன்று உண்டு. மெக்கானிக் அதை எப்போதோ கழற்றி, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மாட்டாமல் விட்டிருந்தார். எல்லா வண்டியிலும் அப்படித்தான் செய்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுவத்தியை விசிறியருகே நீட்டினேன். புகை நாலாபக்கமும் சிதறியது. சிலிண்டர் பக்கம் போகவே இல்லை. ஷெட்டின் பழைய சாமான்களுக்கு அடியிலிருந்து தகரத்தைத் தேடியெடுத்து வைத்துப் பார்த்தேன். புகை உள்ளே இழுபட்டு, சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தது.

அன்றே நட்டு போட்டு முடுக்கினேன். ஆட்டோ ஸ்டாண்டே சிரித்தது.

"அவனவன் வெயிலுக்கு சொக்காய அவுக்கறான், இவரு எஞ்சினுக்கு சொக்கா மாட்றாரு!"

"மூடி வெச்சா வெந்துடும்யா" என்றார் மெக்கானிக். அவர் பேச்சைக் கேட்டு ஓனர், "கழட்டிடு" என்றார்.

நான் ஸ்டாண்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியவன் இல்லை. அன்று பேசிவிட்டேன்.

"கழட்ட மாட்டேங்க. ஜாம் ஆச்சுன்னா நானே வண்டிய உட்டுட்டுப் போறேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

நட்டநடு மதியம், ஆட்களையும் இரண்டு மல்லாட்டைக் கடலை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முன்பு ஜாம் ஆகி நின்ற இரண்டு இடங்களிலும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் போய், ஆறவிடாமல் அப்படியே ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். எஞ்சின் எங்கும் நிற்கவில்லை.

ஓனர் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தகரத்தைத் தொடாமல் மூடினார். ஆடி பிறந்தும் வண்டி என்னிடமே இருந்தது.

ஒருநாள் டீக்கடையில் மெக்கானிக் எல்லாரிடமும், "அந்த வண்டி ஓடறது நம்ம கைராசி" என்றார். வழக்கம்போல் தலைகுனிந்து டீ குடித்திருக்கலாம். நிமிர்ந்தேன்.

"கழட்னது உங்க கைண்ணே. மாட்னது என் கை."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.