டி பிரிவின் செவ்வாய்க்கிழமை

எங்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பத்தொன்று. குள்ளம். குரல் மட்டும் மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும். கக்கத்தில் எப்போதும் சுருட்டிய ஒரு வரைபடம். கணவர் தையல்காரர், மகள் வேறு ஊரில் நர்ஸ். நான் பக்கத்து அறையில் இங்கிலீஷ் நடத்துகிறவன், ஏழாம் வகுப்பு ஏ பிரிவுக்குப் பொறுப்பாசிரியன். ஒன்பது வருஷமாக எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு வாய் இருந்தால் எங்கள் சண்டைகளை வைத்தே ஒரு வருஷம் பேசும்.

எங்கள் பள்ளியில் பிரிவு பிரிப்பது மதிப்பெண்ணை வைத்து. முதல் நாற்பது பேர் ஏ, கடைசி நாற்பது பேர் டி. டி பிரிவை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். புதிதாக மாற்றலாகி வருகிறவர் தலையில் கட்டிவிடுவது வழக்கம். அப்படித்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவர் தலையிலும் கட்டினோம். அடுத்த வருஷம் தப்பித்துப் போக வழி இருந்தும் அவர் போகவில்லை. கேட்டதற்கு, "இவங்களுக்கு என்னை இப்பதான் பழகியிருக்கு" என்றார். நான் அதை அசட்டுத்தனம் என்று நினைத்தேன். இன்னொருவரிடம் சொல்லவும் செய்தேன்.

விடாக்கண்டர் என்றால் அப்படி ஒரு விடாக்கண்டர். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்டு ஆறு மாதம் தினமும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார். ஒரு நாள் அவர் உள்ளே வருவதைப் பார்த்ததும் ஹெட்மாஸ்டர், "தாழ்ப்பாள் வந்தாச்சு, போங்க" என்று டீச்சர் வாய் திறக்குமுன்பே சொன்னார். உண்மையில் அப்போது வந்திருக்கவில்லை. மறுநாள் வந்துவிட்டது.

போன வருஷம் அவருக்கு ஒரு யோசனை. வேறு நாட்டில் இருக்கும் ஒரு வகுப்பும் டி பிரிவும் கணினித் திரையில் ஒன்றாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும், அதே பிள்ளைகள், அதே பிள்ளைகளோடு. முப்பது பள்ளிகளுக்கு மேல் எழுதினார். மூன்று பதில் வந்தது, ஒன்று நிலைத்தது. அங்கேயும் ஒரு சாதாரண அரசுப் பள்ளிதான், ஒரு ஆசிரியைதான்.

முதல் அழைப்பில் நடந்ததை நாங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்த ஊர் மணி இரண்டுக்குப் பேசுவதாக ஏற்பாடு. அப்போது நமக்கு என்ன மணி என்று கைப்பேசியில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இவர் புவியியல் டீச்சர் ஆயிற்றே! தீர்க்கரேகையை எடுத்து, பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டு, மூன்று மணி நேர வித்தியாசம், ஆகவே நமக்குப் பதினொன்று என்று முடித்தார். கணக்கு சரிதான். ஆனால் அந்த நாட்டு அரசாங்கம் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருப்பது கணக்கில் வரவில்லை. பதினொன்றுக்குத் திரை விழித்தபோது அங்கே மணி மூன்று. பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். காலி வகுப்பறையில் ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். நம் நாற்பது பேரும் எழுந்து நின்று, பழக்க தோஷத்தில், "குட் மார்னிங் சார்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அந்த மனிதர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அரண்டு நின்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, திரையைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, மறுபடி பெருக்கப் போனார்.

ஆசிரியர் அறையில் ஒரு வாரம் இதே பேச்சு. டீச்சருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அசரவில்லை. வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தார்.

"சார், சரியான நேரம் பத்து மணி. செவ்வாய்க்கிழமை ரெண்டாவது பீரியட். டி பிரிவுக்கு அது உங்க பீரியட். எனக்கு விட்டுக் கொடுங்க."

"தாராளமா எடுத்துக்கோங்க" என்றேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. நாற்பது பேரிடமிருந்து தப்பித்த நிம்மதி.

அப்புறம் எல்லாச் செவ்வாயும் நடந்தது. இரண்டு வகுப்பும் சேர்ந்து செய்த வேலை மிக எளியது. ஒரு மீட்டர் கம்பு ஒன்றை மைதானத்தில் நேராக நிறுத்தி, தினமும் உச்சிப்பொழுதில் அதன் நிழலை அளப்பது. அங்கேயும் அதே உயரக் கம்பு, அவர்கள் ஊர் உச்சிப்பொழுதில். செவ்வாயன்று இரண்டு நோட்டையும் ஒப்பிடுவது. கம்பைப் பிடிப்பது டி பிரிவில் ஒரு நெட்டைப் பெண். ஒரு முறை தோற்று அதே வகுப்பில் இரண்டாம் வருஷம் இருக்கிறவள். இங்கிலீஷில் நான் அவளிடம் கேட்ட ஒரு கேள்விக்கும் அவள் பதில் சொன்னதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு 'ஸ்டிக் கேர்ள்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

கணினி அறைக்கு இணைய இணைப்பு கொடுத்திருந்தது கல்வி அலுவலகம். அதுவும் ஒரு பருவத்துக்கு மட்டும், சோதனைக்காக. பருவம் முடியும் முன் அதிகாரி வந்து பார்ப்பார், பிடித்தால் நீட்டிப்பார், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடுவார். அவர் வரும் தேதி தெரிந்ததும் ஹெட்மாஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஏ பிரிவு உட்காரட்டும்."

"சார், அவங்க பேசறது என் பிள்ளைங்களோட" என்றார் டீச்சர்.

"உங்க பிள்ளைங்க வாயத் திறந்தா இங்கிலீஷ் வருமா? அதிகாரி முன்னாடி மானம் போகணுமா? இணைப்பு போச்சுன்னா உங்களுக்கும்தான் இல்ல."

"டி பிரிவு எங்க போகும்?"

"மைதானத்துக்கு அனுப்புங்க. கண்ணுல படாம இருந்தா போதும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சொல்லவா வேண்டும், எனக்கு உள்ளூரச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே ஏ பிரிவுக்கு ஒரு பேச்சு எழுதினேன். உலக ஒற்றுமை, அறிவியல் மனப்பான்மை, எல்லைகளற்ற கல்வி என்று அகராதியை வழித்துப் போட்டேன். என் வகுப்பிலேயே நன்றாகப் பேசும் பையன் அதை இரண்டே நாளில் தலைகீழாகச் சொன்னான்.

அந்தச் செவ்வாய் வந்தது. அதிகாரி நடுநாயகமாக உட்கார்ந்தார். ஏ பிரிவு இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையாக. டி பிரிவு மைதானத்தில். கணினி அறை ஜன்னலுக்கு நேர்க் கீழே, சுவரோடு சுவராக, மடியில் நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் முறைத்தபோது டீச்சர் மெதுவாக, "மைதானம் இங்கிருந்துதானே சார் ஆரம்பிக்குது" என்றார்.

திரையில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். வந்ததும் கையாட்டினார்கள். பிறகு ஆட்டிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தெரிந்த முகம் ஒன்றுமே இல்லை.

என் மாணவன் எழுந்து பேசினான். ஒரு பிழை இல்லை, ஒரு திக்கல் இல்லை, மூச்சு விடக்கூட நிற்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் முடித்தான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர்கள் ஆசிரியை ஏதோ அவர்கள் மொழியில் சொல்லிப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கும் இங்கிலீஷ் அந்நிய மொழிதான். நம் டி பிரிவைப் போலவே திக்கித் திக்கிப் பேசுகிறவர்கள். என் பையன் பேசியதில் ஒரு வரிகூட அங்கே போய்ச் சேரவில்லை. அது மட்டுமல்ல, என் வகுப்பில் பாதிப் பேருக்கும் அது புரிந்திருக்காது. எழுதிய எனக்கே சில இடங்களில் சந்தேகம்.

திரையில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பையன் எழுந்தான். தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஸ்டிக் கேர்ள்... வேர்?"

"யாரக் கேக்கறான்?" என்றார் அதிகாரி.

"அது வந்து சார், ஒரு பொண்ணு. இன்னிக்கு லீவு" என்றார் ஹெட்மாஸ்டர்.

டீச்சர் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "லீவு இல்ல சார். நாற்பது பேரும் வந்திருக்காங்க. ஜன்னலுக்கு வெளியில உட்கார வச்சிருக்கோம்."

அதிகாரி எழுந்து போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நாற்பது தலைகள் அண்ணாந்து அவரைப் பார்த்தன.

"உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டைகள் ஓரம் ஒதுங்கின. திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் தடதடத்தன, யாரோ விசில்கூட அடித்தார்கள். நெட்டைப் பெண் நோட்டைத் திறந்தாள். "மண்டே கிளௌட். நோ ஷாடோ. ஃப்ரைடே, ஃபார்ட்டி ஒன்." அந்தப் பையன் தன் நோட்டைத் தூக்கிக் காட்டினான். "வீ, ஒன் ட்வென்ட்டி!" இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. ஒரே உயரக் கம்பு, நிழல் மட்டும் மூன்று மடங்கு. ஏன் என்று அதிகாரி கேட்டார். அவள் மேஜை மேல் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, இன்னொரு கையைச் சூரியனாக உயர்த்தி, மெல்ல மெல்லத் தாழ்த்திக் காட்டினாள். திரைக்கு அந்தப் பக்கமும் ஒரு கை அதே மாதிரி தாழ்ந்தது. அதிகாரி பத்து நிமிஷம் என்று வந்தவர், மணி அடிக்கும்வரை இருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. இணைப்பு ஒரு வருஷத்துக்கு நீட்டிப்பு. "ஏழாம் வகுப்பு ஏ பிரிவின் சிறப்பான பங்கேற்பைப் பாராட்டி, அப்பிரிவின் பயன்பாட்டுக்காக" என்று எழுதியிருந்தது. ஹெட்மாஸ்டர் முன்கூட்டியே தட்டச்சு செய்து கொடுத்த நிகழ்ச்சித் தாளை யாரோ அப்படியே பார்த்து எழுதிவிட்டார்கள்.

"யார் பேருல வந்தா என்ன டீச்சர், இணைப்பு வந்துச்சே" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அப்ப செவ்வாய்க்கிழமை யார் உட்காருவாங்க?"

"உத்தரவுல இருக்கறவங்கதான். நான் என்ன செய்ய?"

டீச்சர் நேராக என் அறைக்கு வந்தார். உத்தரவை மேஜையில் வைத்தார். "சார், இது உங்க வகுப்பு இல்லன்னு நீங்க எழுதித் தரணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஏ பிரிவுப் பெற்றோர் அதற்குள் என்னைப் பாராட்டத் தொடங்கியிருந்தார்கள். "நான் எதுக்கு என் பிள்ளைங்க வாயில மண்ணப் போடணும்?" என்றேன்.

"உங்க பிள்ளைங்க கேட்டா, அவங்க பேசறதுக்கு நான் வேற பள்ளிக்கூடம் தேடித் தரேன். இது என் பிள்ளைங்களோடது" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

அப்போது எனக்கு என் மாணவன் ஞாபகம் வந்தது. பேச்சு முடிந்த மறுநாள் அவன் தனியாக வந்து கேட்டிருந்தான். "சார், நான் தப்பில்லாமதானே பேசினேன்? அப்புறம் ஏன் அவங்க என்னைப் பார்த்து சிரிக்கவே இல்ல?" அவனுக்கு நான் ஏதோ சமாளித்து அனுப்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காகிதம் எடுத்தேன். அன்று என் வகுப்பு பேசியது நான் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தது, எதிர்முனையில் ஒருவருக்கும் புரியவில்லை, பங்கேற்றது டி பிரிவு மட்டுமே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர் படித்துப் பார்த்தார். "இவ்வளவு எழுதணும்னு இல்லையே சார்."

"இருக்கட்டும்" என்றேன்.

அதை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். முதல் முறை சம்பந்தப்பட்ட குமாஸ்தா இல்லை. இரண்டாம் முறை, கையெழுத்தான உத்தரவைத் திருத்த வழியில்லை என்றார்கள். மூன்றாம் முறை பரீட்சைத் தாள் கட்டோடு போய், குமாஸ்தாவின் மேஜைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார். நாற்பது தாளும் முடிந்ததும் இன்னொரு கட்டை எடுத்தார். குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு எழுத்து டீச்சர். இதுக்குப் போயி?"

"ஒரு எழுத்துதான். மாத்திக் கொடுத்துட்டீங்கன்னா நான் போயிடறேன்."

மறு வாரம் நான் ஏ பிரிவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அவர் குரல். திருத்திய உத்தரவை அலுவலக நடையிலேயே, தேதியிலிருந்து தொடங்கி வாசித்தார். "ஏழாம் வகுப்பு டி பிரிவின் சிறப்பான பங்கேற்பைப் பாராட்டி..." கண்ணாடி உடைந்தால், தாமதமாக வந்தால், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லுவோம். வேறு எதற்கும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கைதட்டலை எதிர்பார்த்தேன். சத்தமே வரவில்லை. என் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த நெட்டைப் பெண்ணின் குரல் கேட்டது. இரண்டு வருஷத்தில் என் பாடவேளையில் ஒரு முறைகூட எழாத குரல்.

"டீச்சர், இன்னொரு தடவை படிங்க."

அவர் தேதியிலிருந்து மறுபடி தொடங்கினார்.