நைனா சொன்ன ரெண்டு பொய்

தூதரா இருந்து ரிட்டயர் ஆன ஆளுன்னு தெரிஞ்சா ஜனங்க ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. உங்க வேலையில நெறய பொய் சொல்லணுமாமே? ஆமாம், சொல்லணும். முப்பது வருஷத்துக்கு மேல கோட்டு போட்டுக்கிட்டு, சிரிச்ச முகத்தோட சொன்னேன். ஆனா அந்த வேலையே ஒரு பொய்யால கைநழுவப் பார்த்து, இன்னொரு பொய்யால எனக்குக் கிடைச்சது. ரெண்டையும் சொன்னது எங்க நைனா, என்னைப் பெத்த அப்பா.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அவருக்கு வாடகை சைக்கிள் கடை. நான் மெட்ராஸ்ல எம்.ஏ. படிச்சு, வெளியுறவுப் பணிக்குப் பரிட்சை எழுதி, டெல்லி போய் இன்டர்வியூவும் முடிச்சிட்டேன். மிச்சம் இருந்தது போலீஸ் விசாரணை ஒண்ணுதான். பையன் யோக்கியமானவனா, எந்தப் போராட்டத்துலயாவது இருந்தானான்னு சொந்த ஊருக்கு வந்து விசாரிச்சு எழுதணும். அது நல்லபடியா போனாத்தான் வேலைக்கு உத்தரவு வரும். இதை நான் நைனாகிட்ட சொல்லி வைக்கல. சைக்கிள் கடைக்காரருக்குச் சொன்னா இன்னா புரியப் போவுதுன்னு ஒரு திமிரு. அந்தத் திமிருதான் என்னைக் கவுத்தது.

எங்க ஊர்ல ஒரு வழக்கம். ஷூ போட்டுக்கிட்டு, கையில காகிதத்தோட யாராவது வந்து ஒருத்தர் பேரைச் சொல்லிக் கேட்டா, அது கோர்ட்டு சம்மனாத்தான் இருக்கும்னு முடிவு கட்டிடுவாங்க. பக்கத்துக் கடைக்காரனோட பேச்சே இல்லன்னாலும் சரி, அவனைக் காட்டிக் குடுக்க மாட்டாங்க. தெரியாதுங்களே, அவ்ளோதான். என்னைப் பத்தி விசாரிக்க மஃப்டியில வந்த ஏட்டய்யாவுக்கும் அதேதான் கிடைச்சது. டீக்கடையில தெரியாது. எதிர்ல பீடிக்கடை பாய், சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன், அவரும் தெரியாதுன்னுட்டாராம்.

கடைசியா ஏட்டய்யா நைனாகிட்டயே வந்துட்டார். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து அப்பதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலேஜை மூடிட்டாங்கன்னு ஊருக்குத் திரும்பற வழியில, நானும் கூட்டாளிங்களும் ஒரு ரயில் ஸ்டேஷன் பலகையில இந்தி எழுத்து மேல தார் பூசினோம். அதே எழுத்தை அப்புறம் உத்தியோகப் பயிற்சிக்குப் போன முசோரியில உக்காந்து நான் எழுதிப் பழகினது வேற கதை. என் கையில ஒட்டின தாரை மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சு விட்டதே நைனாதான். அதனால புள்ளையைப் புடிக்க ஆள் வந்துடுச்சின்னு நினைச்சிட்டார். பஞ்சர் ஒட்டற டியூப்ல இருந்து தலையைத் தூக்காமயே, "எனக்கு அப்டி ஒரு புள்ளையே இல்லீங்க"ன்னு சொல்லிட்டார்.

ஒரு மாசம் கழிச்சு மெட்ராஸுக்கு எனக்குக் கடிதம் வந்தது. தகப்பனார்னு நீங்க எழுதிக் குடுத்தவர் தனக்கு மகனே கிடையாதுங்கறார், அவரைக் கூட்டிக்கிட்டு கடலூர் போலீஸ் ஆபீசுக்கு நேர்ல வந்து விளக்கம் சொல்லவும். இதுல கோட்டை விட்டா வேலை போச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல. அன்னிக்கே பஸ் ஏறி ஊருக்கு வந்து, கடை வாசல்லயே, நாலு பேர் பார்க்க நைனாவைத் திட்டினேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு பெத்தவரைப் பார்த்தே கேட்டேன். அவர் கடலூருக்கு எந்த பஸ்ஸுன்னு மட்டும் கேட்டார்.

போற வழியெல்லாம், கேட்டதுக்கு உண்மையைச் சொல்லு, பொய் சொல்லாதேன்னு ஓதிக்கிட்டே போனேன். வெளுத்த சட்டை போட்டுக்கிட்டு, மாத்துத் துணியும் நாலு கட்டு பீடியும் ஒரு பையில எடுத்துக்கிட்டு வந்திருந்தார். பொய் சொன்னதுக்கு ஜெயில்ல போடுவாங்கன்னு தயாரா வந்திருக்கார் மனுஷன். எனக்கு அப்பவும் கோவந்தான் வந்தது.

ஆபீசர் என்னைக் காட்டி, இவர் யாருன்னு கேட்டார். எம்புள்ளதாங்க, பயத்துல மாத்திச் சொல்லிட்டேன், தண்டனை எதுனா எனக்கே குடுத்துடுங்கன்னு நைனா கைகூப்பினார். ஆபீசர் சிரிச்சுட்டு, தண்டனை இல்ல, உங்க மகனுக்கு சர்க்கார் உத்தியோகம்னு விளக்கினார். நான் மூச்சு விட்டேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. போன வருஷம் நடந்த போராட்டத்துல இவர் கலந்துக்கிட்டாரா?

உண்மையைச் சொல்லுன்னு ஓதினவன் நான். இவர் சொல்லிட்டா நான் தொலைஞ்சேன்.

நைனா யோசிக்கவே இல்ல. "அந்தத் தை மாசமா? மஞ்சக்காமாலையில கெடந்தாங்க இவன். கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்தே என் கை சலிச்சுப் போச்சு. உப்பில்லாத கஞ்சி வாணாம்னு ஒரே அடம்."

ஆபீசர் எழுதிக்கிட்டார். இந்த ஜென்மத்துல எனக்கு மஞ்சக்காமாலை வந்ததே இல்ல. பிற்பாடு எத்தனையோ மாநாட்டுல பெரிய பெரிய கெட்டிக்காரங்க பேசிக் கேட்டிருக்கேன். பொய்யை நம்பும்படியா உப்பில்லாத கஞ்சின்னு சேர்த்துச் சொல்ல ஒருத்தருக்கும் தோணினதில்ல. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க, என் உத்தியோகம் ஒரே பொய்யில முடிஞ்சுது.

பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்தேன். சந்தோஷம் தாங்காம, பொய்யின்னா உனக்குத் தண்ணி பட்ட பாடு நைனான்னு கிண்டல் பண்ணேன். அவர் சிரிக்கல. டீயைக் கையில வச்சிக்கிட்டே நின்னார்.

"இதெல்லாம் ஒரு பொய்யாடா? வாயில வந்துச்சு, சொன்னேன். எனக்குப் புள்ளையே இல்லன்னு சொன்னேன் பாரு, அன்னிக்கு சோறு எறங்கலடா. இந்த நாக்கு அழுவிப் போவட்டும்னு நானே சாபம் உட்டுக்கினேன்."

அந்தப் பொய்க்குத்தான் நான் அவரை நாலு பேர் முன்னாடி திட்டினேன். ஊர் ஊராப் பேசியே பிழைக்கப் போறவனுக்கு, மன்னிச்சிடு நைனான்னு ஒரு வார்த்தை அன்னிக்கு வாயில வரல. ஊருக்குத் திரும்ப விழுப்புரம் பஸ் வந்துடுச்சு, ஏறிட்டோம்.